பாலம் வந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?

எனக்கு வாய்த்த மாமனார் ஆற்றோடு சண்டை போட்ட மனிதர். அண்ணன் தம்பி சண்டையென்றால் ஒரு கல்யாணத்திலோ ஒரு சாவிலோ நாலு பேர் பேசித் தீர்த்துவிடலாம். ஆற்றோடு போட்ட சண்டைக்கு யாரைக் கூப்பிட்டுப் பேச?

எங்கள் ஊர் ஆற்றுவிளை. அக்கரையில் கண்ணன்கோடு. மார்த்தாண்டம் சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, காலேஜுக்கு என்று எல்லாவற்றுக்கும் அலி அக்பர் அண்ணனின் தோணி, எங்கள் பேச்சில் வள்ளம்தான். அதை விட்டால் ஊரெல்லாம் சுற்றி வரும் பஸ். மழை பிடித்துவிட்டால் வள்ளமும் கிடையாது. என் நாத்தனார் ஜிஷாவை அந்தக் கண்ணன்கோட்டில்தான் கட்டிக்கொடுத்தது. கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் போகிற நேரம், சீர் கொடுத்த பீரோவின் கனத்தில் வள்ளம் நடு ஆற்றைத் தாண்டி மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளை சிவபிரசாத் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார். சம்பந்தி வீட்டார் சிரித்த சிரிப்பு இக்கரை வரைக்கும் கேட்டது.

மாமா முத்துநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டார். "இதுக்கு மேல ஒரு பாலம் வராம நான் அக்கரையில கால் வைக்கமாட்டேன்" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

சொன்னது சொன்னதுதான். ஜிஷாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். அவள்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வருவாள். மகள் வீட்டில் மாமா ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. பஸ்ஸில் போகலாமே என்றால், "எப்பிடிப் போனாலும் அக்கரை அக்கரைதானே" என்பார். என் வீட்டுக்காரர் பிரதீஷ் சவூதியில் தம்மாமில் இருந்துகொண்டு போனில் சிரிப்பார். அவருக்கென்ன, கூட இருந்து சோறு போடுகிறவள் நானல்லவா.

மாமா மனு கொடுத்துச் செருப்புத் தேய்ந்த பிறகு ஒருவழியாக மேலே இருந்து பதில் வந்தது. அரசாங்கமும் தனியாரும் கூட்டாகக் கட்டலாம். கம்பெனி காசு போட்டுக் கட்டும், பல வருஷம் டோல் வாங்கிப் போட்ட காசை எடுத்துக்கொள்ளும்; போதாததற்கு அரசாங்கம் ஒரு பங்கு போடும். டெண்டர் விடுவதற்கு முன்னால் எத்தனை பேர் ஆற்றைக் கடக்கிறார்கள் என்று சர்வே எடுக்க வேண்டும். அந்தச் சர்வேக்குக் கோட்டாற்றிலிருந்து ஷாஹினாஸ் என்ற இஞ்சினியர் பெண் வந்தாள். வள்ளம் கரை சேரும் வள்ளக்கடவில் குடை விரித்து, கையில் டேப்லெட்டோடு உட்கார்ந்தாள்.

மாமாவுக்கு அன்றைக்கு வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆள் குறைந்தால் பாலம் கிடையாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "ஏலே ராஜகுமாரே, ஒருக்கா போயிட்டு வந்து நிக்காத, திரும்பவும் போ!" என்று கரையில் நின்று ஊரையே விரட்டினார். வேலை உள்ளவன், இல்லாதவன் எல்லாம் போனான், வந்தான், மறுபடி போனான். சட்டை மாற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. அலி அக்பர் அண்ணனுக்குத் தோள் கழன்றுவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஷாஹினாஸ் ஒவ்வொருவரிடமும் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்: பாலம் வந்தால், ஒரு தடவை கடக்க எவ்வளவு கொடுப்பீர்கள்? இந்தக் கேள்வியை எங்கள் ஊர்க்காரனிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கேட்கலாமா?

முன்னால் நின்ற செல்வன் அஞ்சு ரூபாய் என்றான். அவனுக்கும் ராஜகுமாருக்கும் வேலித் தகராறு. ராஜகுமார் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்குப் பத்து எழுதுங்க" என்றான். "அவனுக்குக் குறைச்சுச் சொல்ல எனக்கு என்ன கேடு?" என்று அடுத்தவர் இருபது சொன்னார். மத்தியானத்துக்குள் ஐம்பதில் வந்து நின்றது. வைகுண்டராஜன் இந்த ஜென்மத்தில் வள்ளக்கூலி ஒழுங்காகக் கொடுத்ததில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "நூறு. வேணும்னா கூடவும் தருவேன்" என்றார். மாமா எல்லாரையும் தட்டிக்கொடுத்தார்.

டெண்டருக்கு முந்தைய கூட்டம் நாகர்கோவிலில் நடந்தது. போகும்போது தேய்த்த சட்டையோடு போன மாமா, திரும்பி வரும்போது முகம் கறுத்து வந்தார்.

"ரெண்டு கம்பெனிக்காரனும் எனக்கு உனக்குன்னு அடிச்சுக்கிடுகானுவ மக்கா. இவ்வளவு ஆள் போற எடத்துக்கு அரசாங்கம் பங்கு போடவே வேண்டாமாம். டோல் ஒரு ஆளுக்கு அம்பது ரூவாயாம்."

"அம்பதா!"

"நாமதான் சொன்னோமாம். வாசிச்சுக் காட்டுகான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க தட்டிக்கொடுத்த கணக்குதானே மாமா" என்றேன். அன்று ராத்திரி அவர் சோற்றைத் தொடவில்லை.

மாமா விடவில்லை. சர்வே தப்பு, மறுபடி எடுக்கணும் என்று சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினார். அவர் கணக்குப்படி, ஆள் குறைந்தால் கம்பெனிக்குக் கட்டுபடியாகாது, அரசாங்கம் ஒரு பங்கு போடும், டோலும் குறையும். அதனால் ஊரைக் கூட்டி வைத்து உத்தரவு போட்டார்: சர்வே அன்றைக்கு ஒரு குஞ்சு குளுவான்கூட அக்கரைக்குப் போகக் கூடாது.

"ஒருத்தரும் போகலேன்னா, பின்ன பாலம் என்னத்துக்குன்னு கேக்கமாட்டாவளா மாமா?"

"நீ சும்ம இரு மக்கா."

சும்மா இருந்தேன். அப்புறம்தான் தேதி வந்தது. ஜிஷா அக்கரையில் புது வீடு கட்டியிருந்தாள். பால் காய்ச்சிக் குடிபுகும் சடங்கும் அதே நாள், காலையிலேயே முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பார்த்து வைத்த நாள், மாற்ற முடியாது. சர்வே தேதியும் அரசாங்கத் தேதி, அதுவும் மாறாது. ஊர் முழுக்க ஜிஷா வந்து அழைத்திருந்தாள். ஊர் முழுக்க மாமாவின் முகத்தைப் பார்த்தது. மாமா, "சொன்னது சொன்னதுதான்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அப்பன்தான் வரமாட்டான், பிறந்த ஊரிலிருந்து ஒரு ஆள்கூடவா வரக் கூடாது? அன்று விடிந்ததும் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றேன்.

"நான் போறேன் மாமா. கணக்குல ஒண்ணு கூடும். கூடட்டும்."

நான் வள்ளக்கடவுக்கு நடந்தேன். கொஞ்சம் தள்ளிப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. என்னைத் தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

வள்ளக்கடவில் ஷாஹினாஸ் குடைக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தாள். எழுத ஆளில்லை. அங்கிருந்து பார்த்தால் ஜிஷாவின் மஞ்சள் வீடு நன்றாகத் தெரியும். பந்தலுக்கு ஒரு பக்கம் சம்பந்தி வீட்டார் நிறைந்திருந்தார்கள். மறுபக்கம் எங்களுக்கென்று போட்டிருந்த சிவப்பு நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஜிஷா வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா அந்த நாற்காலிகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் கக்கத்தில் துணி சுற்றிய குத்துவிளக்கு இருந்தது. எப்போது வாங்கி எங்கே ஒளித்து வைத்தாரோ, எனக்கே தெரியாது. வள்ளத்துக்குப் போகிற படியில் இறங்கினார்.

ஷாஹினாஸ் எழுந்தாள். "ஐயா, கேள்வி கேக்காம விட முடியாது. எங்க போறீங்க?"

"எனக்க மோளுக்க வீட்டுக்கு."

"என்ன காரியமா? வேலை, படிப்பு, வைத்தியம், மற்றவை..."

"அதுல அப்பன்னு ஒண்ணு உண்டா பிள்ளே?"

அவள் 'மற்றவை' என்பதில் தட்டினாள். கொஞ்சம் தயங்கிக் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "பாலம் இருந்தா, இந்தத் தடவை கடக்க எவ்வளவு கொடுப்பீங்க?"

மாமா அக்கரையைப் பார்த்தார். "இன்னைக்குன்னா, கேட்டதைக் குடுப்பேன்" என்றார். பிறகு அவசரமாக, "அதை எழுதிராத மக்கா" என்றார்.

நாங்கள் வள்ளத்தில் ஏறியதுதான் தாமதம், ஊர் தெருவில் இறங்கிவிட்டது. எல்லாரும் குளித்து உடுத்திக் கதவுக்குப் பின்னால் காத்து நின்றிருக்கிறார்கள்! செல்வன் ஒரு குலை ஏத்தன் வாழைக்காயோடு ஓடி வந்தான், ராஜகுமார் அதைவிடப் பெரிய குலையோடு வந்தான். வைகுண்டராஜன் வெறுங்கையோடு முதல் ஆளாக ஏறினார். ஷாஹினாஸுக்குத் தட்டிக்கொள்ளக் கை போதவில்லை. மாமா திட்டப்போகிறார் என்று பார்த்தேன். "மெள்ள ஏறுங்கலே, தட்டிரப்போவுது" என்று மட்டும் சொன்னார்.

தட்டிவிட்டது. அதே மணல்திட்டு. அலி அக்பர் அண்ணன் கழையை ஊன்றி ஊன்றிப் பார்த்தார், வள்ளம் அசையவில்லை. அக்கரையில் சம்பந்தி வீட்டார் எழுந்து நின்று சிரித்தார்கள். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். விளக்கைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "வள்ளம் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, திட்டைத் தாண்டி இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஜிஷா கரைக்கு ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர், ஆனால் அவளும் முத்துநாயகத்தின் மகள்தானே. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பாலம் வந்தாச்சா அப்பா?"

"இல்ல மக்கா" என்றார் மாமா, மூச்சு வாங்க. "நான்தான் வந்தேன்."

அவள் விளக்கை வாங்கிக்கொண்டு, ஈர வேட்டியோடு அவரைக் கூட்டிப்போய்ச் சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு உள்ளே போய், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.