பூச்செண்டுக்குள் ஒரு மைக்

அவனியாபுரம் சபையின் கேமராக்கள் இரண்டும் பழைய செல்போன்கள். ஒன்றைத் தாங்கி நின்றது தலை போன டேபிள் ஃபேனின் கால். மற்றொன்று ஜன்னல் கம்பியில் கட்டிக்கிடந்தது. மாற்றி மாற்றி இரண்டையும் நேரலையில் காட்ட, லேப்டாப்பில் இலவசமாகக் கிடைத்த ஒரு செயலி. இம்புட்டை வைத்துக்கொண்டே மூன்று வருடமாக, வீட்டோடு படுத்துக் கிடப்பவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஞாயிறு ஆராதனையைக் கொண்டு சேர்த்து வந்தாள், லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தமிழ்வாணி.

"என்னக்கா, காத்து நல்லா வருதா?" ஃபேன் காலைப் பார்த்துச் சிரித்தான், அன்றைய கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கூட்டிவந்த போட்டோகிராபர் ஜெயபாண்டி.

"உன் படம் குவைத்துக்கு என்னைக்குத் தம்பி போகும்?"

"ஆல்பம் முடிய ஒரு மாசமாகும்க்கா."

"இது இப்பவே போகும். தள்ளி நில்லு, மறைக்குற."

குவைத்தில் காத்திருந்தவர் மணப்பெண் கிரேஸ்லினின் அப்பா இம்மானுவேல். டிரைவர் வேலை, லீவு கிடைக்கவில்லை. நேற்று போனில் அழாத குறையாகக் கேட்டிருந்தார்: "படம் மங்கலா இருந்தாலும் பரவாயில்ல வாணி. எம்மக சம்மதம்னு சொல்றது மட்டும் என் காதுல விழணும் தாயி."

அதற்காகவே அறுநூறு ரூபாய் காலர் மைக்கைப் பெண்ணின் பூச்செண்டுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

பயமெல்லாம் விமானத்தை நினைத்துத்தான். பக்கத்து விமான நிலையத்துக்குத் தினமும் பதினொன்று இருபதுக்குத் தகரக் கூரையை உரசுவதுபோல ஒன்று இறங்கும். ஒரு நிமிடத்துக்கு மைக்கில் வேறு எதுவும் ஏறாது. அந்த நேரம் தமிழ்வாணி பின்னாலிருந்து கையைத் தூக்குவாள். பாஸ்டர் பாதி வார்த்தையில் நிறுத்துவார். கையை இறக்கினால் தொடர்வார். சபைக்கே இது பழக்கம்.

பதினொரு மணிக்குச் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டு வேன் பழங்காநத்தம் நெரிசலில் மாட்டி, எல்லாம் இருபது நிமிடம் தள்ளிப்போனது. போதாததற்கு, நடத்தி வைத்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. வெளியூர் பாஸ்டர், இந்தக் கைச் சைகை தெரியாதவர்.

அவர் பெண் பக்கம் திரும்பும்போது தூரத்தில் இரைச்சல் கேட்டது. தமிழ்வாணி கையைத் தூக்கினாள். பெரியப்பா பார்த்தார். கை தூக்கித் துதிக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் மலர்ந்தது. "அல்லேலூயா!" என்றவர், "இவரைக் கணவனாக ஏற்க உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேவிட்டார்.

கூரை அதிர்ந்தது. தமிழ்வாணி தூக்கிய கையை இறக்கவில்லை. போச்சு.

கிரேஸ்லின் வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பா குனிந்து மறுபடி கேட்டார். அவள் அசையவில்லை. மாப்பிள்ளைக்குக் காதோரம் வேர்வை ஓடியது. மாமியார் எழுந்தேவிட்டார். ஜெயபாண்டி கேமராவை இறக்கிவிட்டான். கிரேஸ்லினோ யாரையும் பார்க்காமல், வாசலருகே உயர்ந்து நின்ற அந்த ஒரு கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எம்புட்டுத் தைரியம் இந்தப் புள்ளைக்கு!

இரைச்சல் தேய்ந்து அடங்கியது. தமிழ்வாணி கையை இறக்கினாள்.

கிரேஸ்லின் பூச்செண்டை வாயருகே தூக்கினாள். "சம்மதம்."

லேப்டாப் திரையில் குவைத்திலிருந்து ஒரு வரி வந்து விழுந்தது:

"நல்லாக் கேட்டுச்சு தாயி. மாப்ளைக்கு முதல்ல ஒரு சோடா வாங்கிக் குடுங்க."