பதினேழாவது கட்டம்

சனிக்கிழமை விடிகாலை ஐந்து நாற்பத்தாறுக்கு அபாய மணி அலறியது. மேல்மாடி அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருந்த சுபானி கோப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டுக் கீழே ஓடினாள்.

ஜெர்மனியின் ஹனோவர் நகர ஆஸ்பத்திரிகளினதும் ஹோட்டல்களினதும் அழுக்குத் துணியெல்லாம் வந்து சேரும் சலவைத் தொழிற்சாலை அது. விடியுமுன்பே கூடத்தில் நீராவி முகத்தில் அறையும். ஈரப் படுக்கை விரிப்புகளை இரண்டு பெண்கள் மூலை பிடித்து உதறி, கொதிக்கும் உருளைகளுக்குள் ஊட்ட வேண்டும். அந்த இயந்திரத்துக்கு மாங்கல் என்று பெயர். உலகக் கிண்ணக் கால்பந்து நடந்த கோடைகாலம். ஹோட்டல்கள் நிரம்பி வழிந்ததால், மணிக்கு அறுநூறு விரிப்பு என்றிருந்தது தொள்ளாயிரம் ஆகியிருந்தது.

உருளைக்கு முன்னால் ஒரு காவல் தடி உண்டு. அதில் விரல் பட்டால் மாங்கல் நின்றுவிட வேண்டும். அன்றைக்கு நிற்கவில்லை.

விரிப்பு ஊட்டிக்கொண்டு நின்ற, அம்மாவின் சிநேகிதி கொறற்றியின் வலது கை மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது. சோடியாக நின்ற துருக்கிப் பெண் கும்ரு ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளையைக் கிளப்பி எடுக்க நாலு நிமிடம் பிடித்தது. கொறற்றி கத்தவில்லை. சுபானியைக் கண்டதும், "துணி பழுதாப் போச்சு, பிள்ளை" என்று மட்டும் சொன்னாள்.

அம்புலன்ஸ் போய் அரை மணி நேரத்தில் உருளையைத் துடைத்து மறுபடியும் ஓடவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை முதலாளி பிரிங்க்மனின் கடிதம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. கட்டுக்குள் இரண்டு விரல் மட்டுமே மிஞ்சிய கையோடு படுத்திருந்த கொறற்றிக்கு, சுபானிதான் அதைத் தமிழில் சொன்னாள்.

"சனிக்கிழமை நீங்கள் வேலையில நிக்கேல்லையாம், அன்ரி. அனுமதி இல்லாமல் உள்ளுக்க வந்தனீங்களாம். அதால இது வேலை விபத்து இல்லையாம். உங்கட வேலையும் முடிஞ்சுது எண்டு போட்டிருக்கு."

கொறற்றிக்கு விளங்கிவிட்டது. கதவடி மெஷினில் ஒவ்வொருவரும் தங்கள் சிப்பைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். அன்று அவள் காட்டியது சுபானியின் தாய் மங்கையற்கரசியின் சிப். அது இரண்டு பேருக்கும் பழைய ஏற்பாடு. ஓகஸ்டில் கொறற்றி கேவலார் மாதா கோயில் யாத்திரைக்குப் போனால் மங்கையற்கரசி அவளுடைய சிப்போடு நிற்பாள். மங்கையற்கரசி ஹம் நகர் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால் கொறற்றி நிற்பாள். விடுமுறை கேட்டால் பிரிங்க்மன் தரமாட்டான்.

"வேலைக் கடிதம் இல்லாட்டி விசா புதுப்பிக்க மாட்டாங்கள்" என்றாள் கொறற்றி. பிறகு, "அம்மா ஏன் இன்னும் வரேல்லை? சப்பறத் திருவிழா பார்த்த களையோ?" என்று சிரிக்கப் பார்த்தாள்.

"வருவா" என்றாள் சுபானி. அவளுக்கும் காரணம் தெரியவில்லை.

புதன்கிழமை பிரிங்க்மன் சுபானியின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். மாங்கலின் பழைய பதிவுகளைப் புதிய கணினி நிரலுக்கு மாற்றுவது அந்த மாதம் அவளுக்குத் தந்திருந்த வேலை. பதிவுக் கோப்பு இருந்தது அங்கே அல்ல. அறுநூறு கிலோமீற்றர் தெற்கே, மாங்கலைச் செய்த கம்பனியின் சேர்வரில். கடவுச்சொல்லைக் கொடுத்தால் திரையின் இடப்பக்கம் அந்தக் கோப்பின் கட்டங்கள் வரும். வலப்பக்கம் புதிய நிரலின் கட்டங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோடு இழுத்தால் தரவு அந்த வழியே போகும். கோடு இல்லாத கட்டம் போகாது. அப்படி ஒன்று இருந்ததென்றே பிறகு ஒருவருக்கும் தெரியாது.

"பதினேழாவது கோட்டை அழி" என்றான் பிரிங்க்மன்.

"ஏன்?"

"தேவையில்லை. வெள்ளி மத்தியானத்தோடு பழைய கோப்பையும் அங்கே அழித்துவிடுவார்கள். உனக்குச் சம்பளம் கோடு இழுக்கத்தான், கேள்வி கேட்க அல்ல."

அவன் போனதும் சுபானி பதிவுகளைப் பார்க்கும் சாளரத்தைத் திறந்தாள். நிமிடத்துக்கு ஒரு பதிவு. சனிக்கிழமை ஐந்து நாற்பத்தைந்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். விரிப்பு பதினைந்து. வேகம் முழு அளவு. நிற்பவர்களின் சிப் நம்பர் 188, 214. பதினேழாவது கட்டத்தில் ஓர் எழுத்து: R.

கையேட்டைப் புரட்டினாள். R என்றால் திருத்த வேலை. அந்த நிலையில் காவல் தடி வேலை செய்யாது. மாங்கலை அந்த நிலைக்கு மாற்றும் திறப்புச் சாவி பிரிங்க்மனின் மேசை லாச்சிக்குள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவள் ஒவ்வொரு நாளாகப் பின்னால் போனாள். R, R, R. மே இருபத்திரண்டு வரைக்கும் R. அதற்கு முன்னால் எல்லாம் N, வழமையான ஓட்டம். தடியில் துணி பட்டுப்பட்டு மாங்கல் நின்றால் தொள்ளாயிரம் வராதே.

தாள்களை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். மங்கையற்கரசி வரிசையில் விரலை வைத்தாள். "இருநூற்றுப் பதினாலு என்ர நம்பர்."

"ஓம், அம்மா. இதைக் காட்டினால் அன்ரிக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் அந்த நம்பரில நிண்டது நீங்கள் இல்லை எண்டதையும் சொல்ல வேணும்."

"என்ர வேலை போகும்."

"ஓம்."

"அப்ப கிழி."

"அன்ரியின்ர கை அம்மா."

"கை போனது போனதுதானே. நான் வீட்டில இருந்தால் அது முளைக்குமே?"

தாய் தாள்களைத் தள்ளி வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, கதவடி மெஷினுக்கு முன்னால் பெண்கள் கூடியபோது, சுபானி தாளை எடுத்து ஜெர்மனில் உரக்க வாசித்தாள். இருநூற்றுப் பதினாலு என்ற இடத்துக்குப் பக்கத்தில் தான் எழுதியிருந்ததையும் வாசித்தாள்: அம்மா கோயிலுக்கு, அம்மாவின் சிப்போடு நின்றது கொறற்றி. கூட்டத்தின் கடைசியில் தாய் தலைகுனிந்து நின்றாள்.

கும்ரு தாளை வாங்கிப் பார்த்தாள். "ஒரு நம்பர் தனியாக இருந்தால் அவன் அதைக் கடித்துத் துப்பிவிடுவான்" என்றாள். தாளின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதினாள்: மார்ச் நாலு, மகளுக்குக் காய்ச்சல், என் சிப்போடு நின்றது டனூட்டா. போலந்துக்காரி டனூட்டா அடுத்ததாக எழுதினாள். சந்திரகாந்தி கண்ணாடியைத் தேடி எடுத்து, "எனக்கு மூண்டு நாள் கிடக்கு, இடம் விடுங்கோ" என்றாள். முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்தன. ஒருத்தியும் உள்ளே போகவில்லை. மாங்கல் ஓடாமல் கூடம் அமைதியாக இருந்தது.

ஆறு மணிக்குப் பிரிங்க்மன் வந்தான். தாளை வாசித்தான்.

"முப்பத்தொரு பேரும் ஏமாற்றுக்காரிகள் என்று நீங்களே எழுதித் தந்திருக்கிறீர்கள். நல்லது. முப்பத்தொரு கடிதம் அடிக்க எனக்கு ஒரு மணி நேரம் போதும்."

"அடியுங்கள்" என்றாள் கும்ரு. "பத்து மணிக்கு ஆஸ்பத்திரி லொறி வரும். விரிப்பை நீங்களே பிடித்து ஊட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். திருத்த வேலையில் நிற்கிற மாங்கலில் யார் மணிக்குத் தொள்ளாயிரம் விரிப்புப் போடுவார்கள்?"

"அது கணினிப் பிழை."

"ஒரு மாதமாகவா?" என்றாள் சுபானி. "அந்தத் தாள் இன்னும் மூன்று இடத்தில் இருக்கிறது. கோப்பை அழித்தாலும் பரவாயில்லை."

பிரிங்க்மனின் முகம் கறுத்தது. பெண்களைத் தாண்டிப் போய் மங்கையற்கரசிக்கு முன்னால் நின்றான்.

"திருமதி தவராசா, எல்லாம் உங்களால்தான். கோயிலில் கைகூப்பி நிற்பதற்காக இன்னொருத்தியைப் பொய்யாக உள்ளே விட்டீர்கள். உங்கள் சாமிக்குச் சந்தோஷமா? அந்தச் சிப்பை அவள் களவெடுத்தாள் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், உங்கள் வேலை இருக்கும். மகளின் வேலையும் இருக்கும்."

பேனாவை நீட்டினான். சுபானி தாயைப் பார்க்கத் துணியவில்லை. அந்த வரி எழுதப்பட்டால் முப்பத்தொரு பெயரும் வெறும் மையாகிவிடும்.

மங்கையற்கரசி பேனாவை வாங்கவில்லை. பதினொரு வருடமாக அந்த மனிதனுக்கு முன்னால் ஆமோதிக்கும் 'யா' என்பதைத் தவிர வேறெதுவும் பேசாதவள், மகளின் பக்கம் திரும்பினாள்.

"இதைச் சரியா ஜெர்மனில சொல்லு, பிள்ளை: நான் அண்டைக்குக் கோயிலுக்குப் போகேல்லை, ஒரு சனிக்கிழமையாவது நித்திரை கொள்ள வேணும் எண்டு கொறற்றிக்குப் பொய் சொல்லிப்போட்டுப் படுத்திருந்தனான், என்ர இடத்தில நிண்டு வேலை செய்துதான் அவளின்ர கை போனது."