இரண்டாவது ஜாமீன்

அண்ணா வெங்கடேஸ்வரனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து ராமமூர்த்தி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தாயம்மாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள். கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

“ஐயா மூணு மணிக்குக் கோர்ட்டுக்கு வரேன்னாரே” என்றாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

ஜலஜா கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் எழுப்பப் போனால், மனுஷர் தூக்கத்திலேயே போயிருந்தார். பிள்ளை குட்டி இல்லை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அவரை அறியாதவர் கிடையாது. பகலெல்லாம் ஹெட் கிளார்க், சனிக்கிழமை சாயங்காலமானால் பஜனை மண்டலி. பஜனை முடிந்து சுண்டல் கைக்கு வருவதற்குள், யாருக்காகவாவது அவர் எழுதிய ஒரு மனு வந்துவிடும்.

“நம்ம சோமாஸ்கந்தர் பொண்டாட்டியைப் பக்கத்திலயும் குழந்தையை நடுவிலயும் வெச்சிண்டுன்னா உக்காந்திருக்கார்? பிழைக்க வந்தவா குடும்பத்தைப் பிரிக்கறதைப் பாத்துண்டு, அவரை எந்த மூஞ்சியோட கும்பிடறது? போடுங்கோ கையெழுத்தை” என்பார்.

எல்லாரும் போடுவார்கள். சுண்டலை மட்டும் தின்றுவிட்டு நழுவுகிற ஒரே ஆள், கூடப் பிறந்த தம்பி ராமமூர்த்திதான்.

தாயம்மாள் சேலத்துப் பக்கத்துக்காரி. புருஷனோடு இந்த வடக்குச் சீமைக்கு ரோடு போட வந்தவள். மரத்தடியில் விட்டிருந்த பையனையும் பெண்ணையும் கேட்பாரற்ற பிள்ளைகள் என்று சர்க்கார் ஆட்கள் வேனில் ஏற்றிப் போய் இருபது நாளாயிற்று. பாவம், அதுகளுக்கு இந்தியில் அம்மா பேரைச் சொல்லக்கூடத் தெரியவில்லை. இன்றைக்குள் ஜாமீன் கையெழுத்து விழாவிட்டால் பையன் ஒரு அநாதை ஹோமுக்கு, பெண் வேறொரு ஹோமுக்கு.

ஜலஜா எழுந்து போய் அவருடைய பைலைப் பிரித்தாள். ஜாமீனுக்கு இரண்டு பேர் எழுதியிருந்தது. ஒருவர் நேரில் வந்தால் போதும். இரண்டாவது பேரைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ராமு, உன் பேரைப் போட்டு வெச்சிருக்கார்.”

“என் பேரா? என்னைக் கேக்காமயா? அச்சா! போற போக்கில என்னையும் மாட்டிவிட்டுட்டுப் போயிருக்கார் பாருங்கோ!”

“போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வா.”

“என்ன மன்னி பேசறேள்? கொள்ளி வைக்க வேண்டியவனே நான்தான். இவரை இப்படிப் போட்டுட்டு நான் கோர்ட்டுக்குப் போறதா?”

சாஸ்திரிகள் குறுக்கே வந்தார். “அஸ்தமனத்துக்குள்ள எடுத்தாகணும் மாமி. மார்கழிப் பொழுது, அஞ்சரைக்கே இருட்டிடும்.”

“இருட்டினா இருட்டட்டும். இருபது வருஷமா ஆபீஸ் ஆபீஸா பெஞ்சில காத்திருந்தவர்தானே? இன்னிக்கு ஒரு நாள் ஆத்தில காத்திருக்கட்டும். எனக்கும் அவரோட இன்னும் ரெண்டு மணி நேரம் கெடைக்கும்.”

ராமமூர்த்தி அண்ணாவின் முகத்தையே பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு செருப்பை மாட்டினான்.

“வாம்மா, ஜல்தி வா. எல்லாம் என் தலையெழுத்து!”

அவன் போனதும் ஜலஜா பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தாள். “கத்திண்டே போறான் பாருங்கோ. ஆனா போறான்” என்று கணவரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

நாலு மணியாயிற்று. நாலரையும் ஆயிற்று. சாஸ்திரிகள் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் ரிக்‌ஷா வந்து நின்றது.

பையனுக்கு மொட்டை அடித்திருந்தார்கள். பெண் யாருடையதோ ஒரு தொளதொள ஸ்வெட்டரில் இருந்தாள். இரண்டும் அம்மாவின் புடவையை விடவில்லை.

“காலம்பறலேந்து ஒண்ணும் சாப்பிடலையாம் மன்னி” என்றான் ராமமூர்த்தி.

ஜலஜா நேரே சமையலறைக்குப் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள்.

“மாமி! பிரேதத்தை ஆத்தில வெச்சிண்டு அடுப்பு மூட்டப்படாது!” என்று பதறினார் சாஸ்திரிகள்.

“குழந்தைகளைப் பட்டினியா அனுப்பினா அவர் எழுந்து வந்து என்னோட சண்டை போடுவார்” என்று சொல்லிச் சர்க்கரையை அள்ளிப் போட்டாள்.

குளித்துவிட்டு வரச்சொல்லி எல்லாரும் ராமமூர்த்தியை அவசரப்படுத்தினார்கள். அவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் பாலை டம்ளருக்கும் டபராவுக்குமாக ஆற்றிக்கொண்டிருந்தான். சூடு இருக்கிறதா என்று டபராவைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஆற்றினான்.