சொல்லாத பேர்

"ஆளோட பேரைச் சொன்னாத்தானேம்மா உள்ள போய்க் கேக்க முடியும்?" என்று வக்கீல் குமாஸ்தா ஆத்மநாதன் இரண்டாம் தடவையாகச் சொன்னார். மீனம்மாள் குனிந்த தலை நிமிராமல், பக்கத்தில் நின்ற செவந்தியின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்கு அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்ததே இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கட்டினவள் புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் ஒன்றும் குறையாது. ஆனால் செவந்தியோ கோர்ட்டு வாசலில் நின்ற டவாலிப் பியூனின் மீசையில் கண்ணை வைத்து, வந்த காரியத்தை மறந்து நின்றிருந்தாள். கிள்ளு உறைத்ததும், ஏலம் போடுகிறவள் மாதிரி, "சேவுகன்! சேவுகன்!" என்று ஒரு கத்துக் கத்தினாள். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாச் சொல்லு தாயி, எனக்குக் காது கேக்கும்" என்றார் குமாஸ்தா. "என்ன கேசு?"

"அதெல்லாம் தெரியாது சாமி. அந்தப் பேர்ல வாரண்டு கீரண்டு நிக்கிதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"ஆளு எங்க? சமஸ்தானத்து எல்லைக்கு அங்கிட்டா?"

குமாஸ்தா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எல்லைக்கு அங்கிட்டு இருக்கிறவர்களின் பெண்டாட்டிகளும் ஆத்தாமார்களும் இந்த மாசம் முழுக்க அந்த மரத்தடிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் கோர்ட்டுக்குள் போனார். வேலை முடிந்ததென்று செவந்தி வளையல் கடைப் பக்கம் போய்விட்டாள்.

மரத்தடியில் தனியாக உட்கார்ந்தபோதுதான் தான் செய்த காரியத்தின் பயம் மீனம்மாளுக்கு முழுசாகத் தெரிந்தது. யாருக்கும் நினைப்பில்லாமல் கிடந்ததைத் தானே வந்து கிளறிவிட்டோமோ என்று நினைத்தாள். கேட்காமலும் இருக்க முடியவில்லை. அவள் புருஷன் ஓடிப்போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கொலை, களவு எதுவுமில்லை. கலப்பைக்கு ஒரு மரம் வேண்டுமென்று சமஸ்தானத்துக் காட்டில் கோடாலியோடு நுழைந்தான். காட்டு வாச்சர் அய்யாக்கண்ணு வந்து கோடாலியைப் பிடுங்கப் பார்த்தான். இவன் விடவில்லை. இழுத்த இழுப்பில் கோடாலிக் காம்பு வாச்சரின் மணிக்கட்டில் இறங்கி எலும்பு முறிந்துவிட்டது. அந்த ஓட்டத்திலேயே எல்லைக்கல்லைத் தாண்டிப்போனவன்தான். கல்லுக்கு இங்கிட்டு மகாராஜா, அங்கிட்டு வெள்ளைக்காரன். ஒரு வாச்சரின் மணிக்கட்டுக்காக இரண்டு சர்க்காரும் கடுதாசி போட்டுப் பேசிக்கொள்ளப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அறந்தாங்கியில் ஒரு அரிசி மில்லில், ராசு என்று பேர் சொல்லிக்கொண்டு மூட்டை தூக்கினான்.

அமாவாசை தோறும் மீனம்மாள் சோற்றுத் தூக்கோடு எல்லைக்கல்லுக்கு நடப்பாள். அவன் அந்தப் பக்கத்திலிருந்து வருவான். அவள்தான் கல்லைத் தாண்டிப் போவாளே தவிர, அவன் கால் கட்டைவிரலைக்கூட இந்தப் பக்கம் வைக்க மாட்டான். பனைமர நிழல் இந்தப் பக்கம் விழுந்தால் வெயிலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவான். "கல்லுக்கு அங்கிட்டு ஒனக்கு ஒரு மாமியார் வீடு" என்று ஊர்ப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். திரும்பி வரும்போது காலித் தூக்கு கையில் ஆடுகிற சத்தம் அவளுக்குப் பிடிக்காது. அதற்காகவே அதற்குள் ஒரு துணியைத் திணித்துக்கொள்வாள்.

வெள்ளைக்காரன் போனபோது அவர்கள் பாடு மாறவில்லை. இந்த மாசியில் சமஸ்தானமே போகப்போகிறது, இந்தியாவோடு சேர்க்கிறார்கள் என்று பேச்சு வந்ததும்தான் சேவுகன் ஆடிப்போனான். கல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே போலீஸ் வந்துவிட்டால் அப்புறம் கல் எதற்கு? "வாரண்டு இருக்கான்னு கேட்டுட்டு வா. இருந்தா நான் கண்டிச் சீமைக்குக் கப்பலேறிர்றேன். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்குறான்" என்று போன அமாவாசையில் சொன்னான். கண்டிக்குப் போனவர்களை மீனம்மாளுக்குத் தெரியும். முதல் வருஷம் சேதி வரும். அடுத்த வருஷம் யாராவது பார்த்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. இவனும் போய்விட்டால் தனக்கு அமாவாசைகூட மிஞ்சாது என்று அவள் அழுதாள்.

குமாஸ்தா திரும்பி வந்தார். வந்தவர் முதலில் வெற்றிலையைத் துப்பினார். அந்த நேரத்துக்குள் அவள் உயிர் போய் வந்தது.

"இல்லம்மா. சேவுகன்னு எவன் பேர்லயும் ஒண்ணும் நிக்கல. நல்லாக் கேட்டுட்டேன். ஆளை வரச் சொல்லு."

மீனம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படியும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பொம்பளை அழுதால் ஆத்மநாதனுக்குக் கைகால் ஓடாது. ஏதாவது பேசவேண்டுமே என்று பேசினார்.

"ஒங்க ஊர்ல நிக்கிறது ஒரே ஒரு வாரண்டுதான். அதுவும் அரதப் பழசு. மதுரைவீரன்னு ஒரு பய, காட்டு வாச்சர் கையை ஒடிச்சுட்டு ஓடினவன். ஒனக்குத் தெரியுமா அவனை?"

"தெரியாது சாமி" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

"எப்படித் தெரியும்? அப்படி ஒருத்தன் இருந்தாத்தானே! ஆனா பாரு, போன வருஷம் புதுசா வந்த ஒரு ஏட்டு, எங்கயோ கிடை போட்டிருந்த ஒரு ஆட்டுக்காரனைப் புடிச்சுட்டு வந்துட்டான். அவன் பேரு மதுரைவீரன். அதுதான் அவன் செஞ்ச குத்தம். வாச்சரு வந்து, இவன் இல்லைன்னு சொல்றதுக்குள்ள முன்பல்லு ரெண்டும் போயிருச்சு. ஆட்டுல பாதியும் போச்சு. இந்த மரத்தடியிலதான் உக்காந்து அழுதான், இப்ப நீ உக்காந்திருக்கியே, அதே எடத்துல." குமாஸ்தா சிரித்தார். "அந்த வாச்சரும் இப்ப செத்துட்டாரு, அன்னைக்கு இருந்த போலீசும் மாறிப் போயாச்சு. இனிமே எல்லை இல்லைன்னு ஆயிட்டா இந்தக் காயிதம் மதுரை வரைக்கும் போகும். அங்க தெருவுக்கு நாலு மதுரைவீரன். எவன் மாட்டப்போறானோ!"

மீனம்மாள் உட்கார்ந்த இடத்தை விட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் காலை அவளுக்கு ஞாபகம் வந்தது. கையில் கட்டோடு வாச்சரும், டவுனிலிருந்து ஒரு கான்ஸ்டபிளும் குடிசை வாசலில் நின்றார்கள். வாச்சருக்கு ஆளைத் தெரியும், வீட்டைத் தெரியும், பேர் தெரியாது. ஊர் ஆண்கள் ஒருவரும் கண்ணில் படவில்லை. "ஒம் புருசன் பேரென்ன?" என்று கான்ஸ்டபிள் அதட்டினார். அவள் வழக்கம்போல, புருஷன் பேரைக் கொண்ட சாமியைக் காட்டினாள். ஊர் எல்லையில் வேப்பமரத்தடிப் பீடத்தில் சேவுகசாமி இருந்தார். முகம் கிடையாது, ஒரு கல்லும் ஒரு வேலும்தான். அவருக்குப் பக்கத்தில் அந்த வருஷம்தான் யாரோ நேர்த்திக்கடனுக்கு மதுரைவீரன் சிலை வைத்திருந்தார்கள். மண் குதிரை, வாள், புது வர்ணம், முறுக்கு மீசை. அவள் கல்லைத்தான் காட்டினாள். டவுன்காரர் எதைப் பார்த்திருப்பார்? "சரி" என்று சொல்லி எழுதிக்கொண்டார். என்ன எழுதினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அப்புறமும் எத்தனையோ தடவை போலீஸ் வந்தது. வந்தவர்கள் எல்லாம் "ஒம் புருசன் வந்தானா?" என்றுதான் கேட்டார்களே தவிர, ஒருவர் வாயிலும் பேர் வரவில்லை.

இத்தனை காலம் அந்த வழக்கத்தால் புருஷன் ஆயுசைக் காத்ததாக நினைத்திருந்தாள். காத்ததும் நிஜம்தான். ஆனால் கணக்கில் வராத ஒருவன் நடுவில் வந்து பல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"சாமி, அந்த மதுரைவீரனே இப்ப வந்து, நாந்தான்னு நின்னா என்ன செய்வாங்க?" என்று கேட்டாள்.

குமாஸ்தாவின் சிரிப்பு நின்றது. அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வக்கீல் வீட்டுத் தண்ணீரைக் குடித்து நரைத்த மனுஷர், புரியாமல் இருக்குமா? "பழைய கேசு" என்றார் மெதுவாக. "தானா வந்து, தலைத்துண்டை அவுத்துட்டுக் குனிஞ்சு நின்னா மாஜிஸ்ட்ரேட் மனசு எளகலாம். மூணு மாசமோ ஆறு மாசமோ. அதோட அந்தக் காயிதமும் தீரும். வராமலே இருந்தா..." என்று இழுத்தவர், "நீ கெளம்பு தாயி. நீ கேக்கல, நான் சொல்லல" என்று முடித்துக்கொண்டார்.

மறுநாள் அமாவாசை. காலையில் எல்லைக்கல்லுக்குப் போனபோது சேவுகன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். புருவத்திலும் மீசையிலும் மில்லுத் தவிடு ஒட்டியிருந்தது. அவள் வருகிற நடையைப் பார்த்தே கண்டுபிடிக்க முயல்கிறவனைப் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"ஒங்க பேர்ல ஒண்ணும் இல்லையாம்" என்றாள்.

அவன் நம்பாமல் நின்றான். பிறகு, ஆற்றில் ஆழம் பார்க்கிறவன் மாதிரி ஒரு காலை எடுத்துக் கல்லுக்கு இந்தப் பக்கம் வைத்தான். அடுத்த காலையும் வைத்தான். குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் மண்ணைத் தடவினான். நாற்பது வயது ஆம்பளை வாய்விட்டு அழுவதைப் பார்த்து அவளும் அழுதாள். அந்த நிமிஷத்தோடு எல்லாவற்றையும் விழுங்கிவிடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால் விழுங்கத் தெரியாத தொண்டை அவளுடையது.

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்று அவன் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சாமிக் கல்லைக் காட்டியது, கான்ஸ்டபிள் சரி என்றது, ஆட்டுக்காரன், பல், புளியமரத்தடி, குமாஸ்தா சொன்ன மூன்று மாசம், ஆறு மாசம் எல்லாம்.

சேவுகன் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "நாமளா போயி அவனைப் புடிச்சோம்?" என்றான்.

"இல்லதான்."

"ஒம்போது வருசம் சொந்தப் பேரைச் சொல்லாம, சொந்த மண்ணை மிதிக்காமக் கெடந்தேனே. அது ஜெயிலு இல்லையா?"

"ஜெயிலுதான். நானுந்தான் இருந்தேன். நாம இருந்ததுக்குக் காரணம் இருந்துச்சு. அந்த ஆட்டுக்காரன் எதுக்கு இருந்தான்?"

"இப்ப என்னைப் புடிச்சுக் குடுக்கணும்ங்கிறியா?"

"குடுக்கிறவளா இருந்தா நேத்தே குடுத்திருப்பேன்" என்றாள் மீனம்மாள். "நீங்க வீட்டுக்கு வந்தாலும் சோறாக்கிப் போடத்தான் போறேன். போங்க."

இருவரும் நடந்தார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். அவனுக்குப் பார்க்க நிறைய இருந்தது. இந்தக் கிணறு எப்போது வெட்டினது, அந்த வேலி யாருது என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு போனான். முதலில் இருந்த கோபம் தேய்ந்தது. துண்டைத் தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டான். வீட்டுக்குப் போகிறவனுக்கு வரும் அந்த வேகம் அவன் காலில் வந்துவிட்டது. பின்னால் இருந்து அதைப் பார்க்கப் பார்க்க மீனம்மாளுக்கு அப்படிச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அவள் கால் பின்தங்கியது.

ரோட்டிலிருந்து அவர்கள் குடியிருப்புக்கு வண்டிப்பாதை பிரியும் இடம் வந்தது. நேரே போனால் புதுக்கோட்டை. அவன் திரும்பிப் பார்க்காமல் வண்டிப்பாதையில் இறங்கிவிட்டான். வேப்பமரத்தடிப் பீடம் அங்கிருந்தே தெரிந்தது. மதுரைவீரனின் குதிரைக்கு ஒரு கால் உடைந்து, வர்ணமெல்லாம் வெளுத்திருந்தது. கல் அப்படியே இருந்தது.

மீனம்மாள் ரோட்டிலேயே நின்றுவிட்டாள். "ஏங்க" என்று கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. கான்ஸ்டபிள் அன்றைக்குக் கேட்ட கேள்வி அவள் வாசலில் இன்னும் நின்றுகொண்டே இருந்தது. ஆயுசு குறைந்தால் என்னுடையதில் கொஞ்சம் எடுத்துக்கொள் என்று கல்லைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

"சேவுகன்" என்றாள்.

சத்தம் பெரிதாக வரவில்லை. கூப்பிடுகிற மாதிரியும் இல்லை, கேட்டவருக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் முன்னால் போனவனின் கால் அந்த இடத்திலேயே நின்றது. ஒன்பது வருஷமாக யாரும் அவனை அந்தப் பேரால் கூப்பிட்டதில்லை. அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவன் மெல்லத் திரும்பி, ரோட்டில் சோற்றுத் தூக்கோடு நிற்கிற பெண்டாட்டியையும், அவளுக்குப் பின்னால் டவுன் பக்கம் வெள்ளையாக நீண்டு கிடந்த ரோட்டையும் பார்த்தான். அப்புறம் தலையில் கட்டியிருந்த துண்டை, ஒவ்வொரு சுற்றாக, அவிழ்க்கத் தொடங்கினான்.