மெதுவாப் பேசுங்க

தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு ஏணி என்று பெயர். பதினெட்டு வருடமாக, வண்டி நின்றதும் ஏணியில் முதலில் கால் வைப்பவர் அவர்தான். நான்கு மாடியை ஒரே மூச்சில் ஏறிவிட்டு, கீழே நிற்பவர்களைக் கேலி பேசவும் கொஞ்சம் மூச்சு மிச்சம் வைத்திருப்பார்.

கொரோனாவில் இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதில் பதினொரு நாள் ஐ.சி.யு. பிழைத்து வந்ததே பெரிசு என்றார்கள் எல்லோரும். மனைவியும் அப்படித்தான் நினைத்திருந்தாள், குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்கும்வரை.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தார்கள். குழாயில் உறிஞ்சி இழுத்தால் உள்ளே இருக்கும் மூன்று பந்துகளும் மேலே எழும்ப வேண்டும். முதல் பந்து எழும்பும். இரண்டாவது யோசிக்கும். மூன்றாவது அசையாது.

"மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கு பாரு" என்றார். மனைவி சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரிக்கப்போய், இருமல் அடங்கக் கால் மணி நேரமானது.

ஐந்து மாதம் கழித்து, வேலைக்குத் திரும்பச் சான்றிதழ் கேட்டு மனைவியோடு போனார். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை மாட்டி, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார்கள். நான்காவது நிமிடத்தில் உதடு நீலம் பாரித்தது. டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டினார்.

"காயம் ஆறின இடம் தடிச்சுப் போகுதுல்ல, அந்த மாதிரி நுரையீரல்ல தழும்பு விழுந்திருக்கு. அந்த இடம் இனி சரியா விரியாது."

"எப்போ சரியாகும்?"

"கொஞ்சம் தேறலாம். பழைய மாதிரி ஆகும்னு சொன்னா அது பொய்."

"ஏணி ஏறலாமா?"

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். ஏணிக்குப் புரிந்துவிட்டது.

நிலையத்தில் தொலைபேசி அறை வேலையைக் கொடுத்தார்கள். மணி அடித்து மற்றவர்கள் வண்டிக்கு ஓடும்போது அவர் கால்களும் தானாக எழுந்துவிடும். பிறகு உட்காரும்.

ஒருநாள் காலை பதினொரு மணிக்கு ஒரு பெரியவர் கூப்பிட்டார்.

"சார், கீழ் வீட்டுல தீ. படிக்கட்டு பூரா புகை. நாங்க மூணாவது மாடி. என் சம்சாரத்தால நடக்க முடியாது."

முகவரி வாங்கினார். வண்டி கிளம்பியது. போய்ச் சேர எட்டு நிமிடமாவது ஆகும். அவர் ஃபோனை வைக்கவில்லை.

"ஐயா, அம்மாவைத் தரையில இறக்குங்க. புகை மேலதான் நிக்கும். கதவு இடுக்குல ஈரத்துணி அடைங்க."

எதையோ இழுக்கும் சத்தம். பெரியவர் திரும்பி வந்தபோது மூச்சிரைத்தது. "இறக்கிட்டேன். ஜன்னல் கிட்ட கொண்டுவந்துட்டேன்."

"நீங்களும் படுங்க. மூக்குல துணியை..." அதற்கு மேல் பேச ஏணிக்கு மூச்சு வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், உங்களுக்கும் மூச்சு வாங்குது?"

"ஆமாங்க. கொரோனா வந்துட்டுப் போச்சு."

"அப்ப மெதுவாப் பேசுங்க. நான் கேட்டுட்டுதான் இருக்கேன்."

இருவரும் மாறி மாறி, நின்று நின்று பேசினார்கள். "துணி நகர்ந்துடுச்சு சார், ஒரு நிமிஷம்" என்று பெரியவர் கதவுப் பக்கம் போனார். பிறகு இருமல் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் அதுவும் இல்லை. அப்புறம் கண்ணாடி உடைந்து, சகாக்களின் குரல் கேட்டது.

இருவரையும் உயிரோடுதான் இறக்கினார்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். பெரியவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

"நான் போயிருந்தா..." என்றார் ஏணி, சாப்பாட்டுத் தட்டின் முன்னால்.

"நீங்க இருந்தா மட்டும் வண்டி பறந்திருக்குமா?" என்றாள் மனைவி.

பறந்திருக்காது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த அம்மா தங்கை வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனார்கள். வீடு இரண்டாவது மாடி. நான்கு இடத்தில் நின்று ஏறினார். உள்ளே போய் உட்கார்ந்தும் கொஞ்ச நேரம் அவரால் பேச முடியவில்லை. அந்த அம்மா காத்திருந்தார்.

"அன்னிக்கு ஃபோன்ல பேசினது நீங்கதானா? மெதுவாப் பேசுங்கன்னு இவர் யாருக்குச் சொல்றாருன்னு படுத்தபடியே யோசிச்சேன்."

"எனக்குத்தாம்மா. கொரோனாவுல பதினொரு நாள் ஐ.சி.யு.ல கிடந்தேன், அதுலேருந்து மூச்சு இப்படித்தான்."

அந்த அம்மா தலையசைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீங்க அந்த எல்லை வரைக்கும் போயிட்டு வந்தவராச்சே. மூச்சு அடங்கற நேரம் எப்படி இருக்கும்? தூங்கற மாதிரியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"இல்லம்மா. கஷ்டமாத்தான் இருக்கும். வீட்டு ஆளுங்களை உள்ள விடல. யாரோ ஒரு நர்ஸ், உறை போட்ட கையால என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. முகம் தெரியாது. கை இருந்தது மட்டும் தெரிஞ்சுது."

"என்னைச் சக்கர நாற்காலியில கொண்டுபோய் அவர் பக்கத்துல விட்டாங்க" என்றார் அந்த அம்மா. "கையை விடவே இல்ல நான்."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இறங்கும்போது முதல் திருப்பத்திலேயே மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள் அவள். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொல்ல மூச்சு எங்க இருந்துச்சு?" என்று சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சுவரைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ மேலே ஏறி வந்தார்கள். இருவரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

அடுத்த வாரம், ஏணி ஏறுபவர்கள் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். அது வரைக்கும் அவர் பெயரை யாரும் அடிக்காமலே வைத்திருந்தார்கள்.