ஆறாவது பதில்

முப்பத்தோரு வருட சர்வீஸில் நான் எழுதிய பதில்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. நன்மை வந்ததா என்றால் அதுவும் இல்லை. மனு கொடுத்தவர் படித்து முடிக்கும்போது ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்குத் தோன்ற வேண்டும்; ஆனால் என்ன, எப்போது, யார் செய்வார்கள் என்று எதுவும் அதில் இருக்கக்கூடாது. இப்படி எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வேங்கிக்கால் அரசு அலுவலகங்களில் 'அருணாதேவி மேடம் டிராஃப்ட்' என்றால் ஒரு மரியாதை உண்டு. நான் கண்காணிப்பாளர். எந்தத் துறை என்று மட்டும் கேட்காதீர்கள், ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

மனுக்களெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது என் பதில்களில் ஐந்தைப் பொறுக்கி எடுத்து அதில் ஏற்றிவிட்டார்கள். 'பரிசீலனையில் உள்ளது' ஒன்று. 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' இன்னொன்று. 'நிதிநிலைக்கு ஏற்ப முன்னுரிமை அளிக்கப்படும்' என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மனுவைத் திறந்து ஐந்தில் ஏதாவது ஒன்றை அமுக்கினால் போதும், மனு முடிந்தது என்று கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும். எங்கள் அதிகாரி செழியன் சாருக்கு இதில் அலாதி சந்தோஷம். எந்த அலுவலகம் அதிக மனுக்களை முடித்தது என்று வாராவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். பதினெட்டு மாதமாக நாங்கள்தான் முதலிடம். அந்தப் பட்டியலைக் கலரில் பிரிண்ட் எடுத்து, நாற்காலிக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

அமுக்குகிற வேலை வினோதினியுடையது. கீழ்பென்னாத்தூர்ப் பெண். நாலு முறை பரீட்சை எழுதித் தவறவிட்டு, ஐந்தாம் முறை தேறி, கைக்குழந்தையோடு வேலைக்கு வந்தவள். தகுதிகாண் பருவம் முடிய இரண்டு மாதம் இருந்தது. அது முடிந்து உத்தரவு வந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்குள் ஒரு மெமோ வாங்கினால் இழுத்தடிப்பார்கள். வேலையே போனாலும் போகலாம். இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மனுக்களை முழுசாகப் படிப்பாள்.

அப்படிப் படித்ததில் மாட்டியதுதான் பாஞ்சாலையின் மனு. பாஞ்சாலை அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் மோர்க்கடை வைத்திருப்பவர். அவருடைய கடைக்கு எதிரே நாங்கள் கட்டிய குடிநீர்த் தொட்டியைப் பற்றித்தான் மனு.

அந்தத் தொட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மலை சுற்றுகிறவர்கள் சாலையின் இடது பக்கமாகவே நடப்பார்கள். வலது பக்கம், மலையை ஒட்டி, சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் வலம் வருகிறார்கள், அவர்களுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது என்பது நம்பிக்கை. எங்கள் இன்ஜினியரும் மலை சுற்றுகிறவர்தான். தொட்டியைச் 'சாலையின் இடதுபுறம்' கட்டும்படி சரியாகவே எழுதினார். ஆனால் கான்ட்ராக்டரின் லாரி எதிர்த்திசையிலிருந்து வந்தது. தனக்கு எது இடதுபுறமோ அங்கே அவர் கட்டி முடித்துவிட்டுப் போய்விட்டார். நாலு குழாய், டைல்ஸ் ஒட்டிய மேடை, பெயர்ப்பலகை எல்லாம் அம்சமாகச் சித்தர்கள் பக்கம் நின்றன. சித்தர்களுக்குத் தாகம் எடுப்பதாகத் தெரியவில்லை. மனிதர்களுக்கு எடுத்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்கள் கூட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போக, பின்னால் வருகிறவர்கள் அவர்கள்மேல் மோத, வயசானவர்கள் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள்.

தொட்டியை இந்தப் பக்கம் மாற்றச் சொல்லிப் பாஞ்சாலை ஏற்கெனவே நாலு மனு போட்டிருந்தார். நாலுக்கும் நாலு விதமான பதில் போயிருந்தது. ஐந்தாவது மனுவின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.'

வினோதினி அந்த மனுவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்த நேரம், ஆடிட் ஆட்கள் கேட்ட ஒரு கோப்பைக் காணாமல் நான் பீரோவுக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மேடம், இந்த அஞ்சுல எதப் போட்டாலும் பொய்யாப் போவுது. ஆறாவதா ஒண்ணு சேத்துக்கட்டுமா?"

"எதையாவது சேத்துக்கோ. இப்ப என்ன ஆள வுடு."

"அப்ப நீங்க சரின்னு சொல்றீங்க."

"சரி, சரி, போ."

ஐந்து பதில்களுக்கும் கீழே 'புதிதாகச் சேர்க்க' என்று ஒரு பொத்தான் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருத்தரும் அதை அமுக்கியதில்லை. வினோதினி அமுக்கினாள். 'இதற்கு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்களுக்கு யோசனை இருந்தால் இம்மாதக் கடைசித் திங்கட்கிழமை நேரில் வந்து சொல்லவும்' என்று அடித்தாள். பாஞ்சாலைக்கு அனுப்பினாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. உண்மையிலேயே பதில் தெரியாத மனுக்களுக்கெல்லாம் அதையே அனுப்பினாள். ஒரே வாரத்தில் அறுபத்திரண்டு போயிருந்தது.

ஆறாவது பதிலை அனுப்பினால் மனு முடியாது, நிலுவையிலேயே நிற்கும். அடுத்த பட்டியல் வந்தபோது நாங்கள் பதினாலாவது இடத்தில் இருந்தோம்.

செழியன் சார் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பிரிவுக்கே வந்துவிட்டார். அப்படி அவர் வந்து நான் பார்த்ததில்லை.

"இதுக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?"

வினோதினி எழுந்து நின்றாள். "நான்தான் சார் சேத்தேன்."

"யாரு சேத்ததுன்னு கேக்கல. யாரு பர்மிஷன்?"

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேஜைக்கு அடியில் குனிந்து பேனாவைத் தேடினேன். பேனா என் கையிலேயே இருந்தது.

"மேடம், இவங்களுக்கு ஒரு மெமோ டிராஃப்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பண்ணினேன். 'எவருடைய அனுமதியுமின்றித் தன்னிச்சையாக' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். படித்துப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது, அத்தனை நன்றாக வந்திருந்தது. வினோதினி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, நின்றபடியே படித்தாள்.

"'தன்னிச்சையாக'னு போட்டிருக்கீங்களே மேடம்."

"மெமோன்னா அப்படித்தான் போடணும்."

"சரிங்க மேடம்."

மறுநாள் விளக்கம் எழுதிக் கொடுத்தாள். மூன்றே வரி. பதில் தெரியாததால் தெரியவில்லை என்று எழுதினேன், மனுதாரர் கேட்டதும் அதைத்தான், இனி அனுப்ப வேண்டாம் என்றால் அனுப்பவில்லை. அவ்வளவுதான். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறக்கும் தைரியமும் வரவில்லை. இரண்டு வருடம், பென்ஷன், பெயர் என்று எனக்கு நானே என் பாணியில் ஐந்து பதில்கள் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கடைசித் திங்கட்கிழமை காலையில் வராந்தாவில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் மனு இல்லை. எல்லோரும் யோசனையோடு வந்திருந்தார்கள். செழியன் சார் என்னையும் வினோதினியையும் அறைக்குள் கூப்பிட்டுவிட்டு, முதல் ஆளை வரச் சொன்னார். பாஞ்சாலை உள்ளே வந்தார்.

"இங்க பாருங்கம்மா, கட்டி முடிச்ச தொட்டிய இடம் மாத்த எங்களுக்கு அதிகாரம் கிடையாது" என்று சார் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார்.

"யாரு சார் மாத்தச் சொன்னது?"

"நீங்கதான அஞ்சு மனு போட்டீங்க?"

"போட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தவரைக்கும் போட்டேன். தெரியலைன்னு எழுதனீங்களா, அப்புறந்தான் நானே குந்தி யோசிச்சேன்." பாஞ்சாலை மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டைத் தொட்டியாக வைத்து, சாருடைய ஸ்கேலைச் சாலையாகப் போட்டார். "தொட்டி அந்தாண்டயே இருக்கட்டும். பத்தடி தள்ளி ரோட்டுக்கு அடியில மழைத்தண்ணி போற பாலம் ஒண்ணு இருக்குது. அதுக்குள்ள பைப்ப வுட்டு, குழாய மட்டும் இந்தாண்ட கொண்டாந்துட்டா ஆச்சு. ரோட்டத் தோண்டற வேலையே இல்ல."

ஒன்றரை வருடமாக எங்கள் ஜீப் அந்தப் பாலத்தின் மேல்தான் போய் வந்துகொண்டிருந்தது.

"குழாய் உங்க கடைகிட்டயே வருதே, மோர் வியாபாரம் கம்மியாயிடாதா?" என்று சார் கேட்டார்.

"இப்ப ஜனம் என் கடையத் தாண்டி அந்தாண்ட ஓடுது. குழாய் இங்க வந்தா நின்னு குடிக்கும். நின்னா மோரும் கண்ணுல படும் இல்ல?"

சார் சிரித்தார். பிறகு அதிகாரி முகம் திரும்பி வந்தது. "குழாய மாத்தறதும் இடமாற்றம்தான மேடம்? தலைமை அலுவலகம் ஒத்துக்கணுமே."

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. "'இடமாற்றம்'னு எழுதினாத்தான் சார் அங்க போகணும். 'நீட்டிப்பு'னு எழுதினா உங்க கையெழுத்தே போதும். இருக்கிற குழாயத்தான நீட்டறோம்."

அன்றைக்கே எழுதினேன். யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று மூன்றும் இருக்கிற ஒரு கடிதம். பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. மற்ற பத்துப் பேரில் ஆறு பேர் சொன்னதும் உருப்படியாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில் தேங்குகிற தண்ணீருக்கு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு விவசாயி, வேனை வெளியே நிறுத்திவிட்டு வந்து வழி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பௌர்ணமியன்று சாயந்திரம் நாங்கள் மூவரும் அடி அண்ணாமலைக்குப் போனோம். வினோதினியின் இடுப்பில் குழந்தை. குழாய்கள் இடது பக்கம் வரிசையாக நின்றன. ஜனங்கள் வந்தார்கள், குடித்தார்கள், முகம் கழுவினார்கள், நடந்தார்கள். ஒருவரும் குறுக்கே போகவில்லை, ஒருவரும் விழவில்லை. இவ்வளவுதான் நடந்தது. முப்பத்தோரு வருடத்தில் நான் எழுதிய ஒரு வார்த்தையிலிருந்து தண்ணீர் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சார் குழாயில் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்தார். பிறகு பாஞ்சாலையின் கடையில் மோரும் குடித்தார்.

இதற்குள் ஆறாவது பதில் தலைமை அலுவலகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. திட்டுவார்கள் என்று பார்த்தால், 'சிறந்த புதுமை முயற்சி' என்ற பரிசுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு படிவம் வந்தது. வினோதினியின் பருவம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, சார் அந்தப் படிவத்தையும் மெமோ கோப்பையும் ஒன்றாக என் மேஜையில் வைத்தார்.

"ஃபார்ம்ல 'அனுமதி அளித்து வழிநடத்தியவர்'னு ஒரு கட்டம் இருக்கு. உங்க பேரையே போட்டுடுங்க மேடம். ரிட்டையர் ஆகற நேரத்துல ஒரு பரிசு வரட்டும். மெமோவதான் எப்படி முடிக்கறதுன்னு தெரியல. யார் அனுமதியும் இல்லாம செஞ்சாங்கன்னு கோப்புல இருக்கறவரைக்கும் அந்தப் பொண்ணுக்கு உத்தரவு போட முடியாது. ஏதாவது வார்த்தையப் பாத்து எழுதுங்க."

அவர் போன பிறகு இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு காகிதமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. யாருடைய அனுமதி? ஒன்றில் என் பெயரை எழுதினால் மாலை விழும், இன்னொன்றில் எழுதினால் அடி விழும். வழவழவென்று ஒரு வார்த்தை போட்டு மெமோவை முடிக்க எனக்குத் தெரியாதா? பத்து வார்த்தை தெரியும். எதிரே வினோதினி ஒரு மனுவை முழுசாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

மெமோ கோப்பில் எழுதினேன்: 'இப்பதில் என் வாய்மொழி அனுமதியுடன் சேர்க்கப்பட்டது. அதை நான் அப்போதே தெரிவிக்கவில்லை. தவறு என்னுடையது. அருணாதேவி, கண்காணிப்பாளர்.' பரிசுப் படிவத்தின் கட்டத்தில் வினோதினி, பாஞ்சாலை என்று இரண்டு பெயர்களை எழுதினேன். எழுத்து நன்றாகத்தான் வந்தது. இரண்டையும் உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

சார் ஒன்றை மாற்றி ஒன்று இரண்டு முறை படித்தார். "பேர மாத்திப் போட்டுட்டீங்க போல மேடம்."

"இல்ல சார், சரியாத்தான் போட்டிருக்கேன்."

"அன்னிக்கு நான் கேட்டப்ப நீங்க அங்கதான இருந்தீங்க?"

"மேஜைக்கு அடியில இருந்தேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத நான் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டா, மெமோ உங்களுக்கு வரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். போடுங்க."

போட்டார். கையோடு வினோதினியின் உத்தரவிலும் போட்டார். அவள் அதை வாங்கியதும் நேராகக் குழந்தையைப் பார்க்க வீட்டுக்குப் போன் பண்ணினாள். வீடியோவில் காகிதத்தை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். என் மெமோ அடுத்த வாரம் வந்தது. யாரோ புது ஆள் எழுதியது. மூன்று இடத்தில் சந்திப்பிழை, ஓரிடத்தில் தேதியே தப்பு. சிவப்பு மையில் திருத்திக் கொடுத்து, சுத்தமாக அடித்துக் கொண்டுவரச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.