அசையாமல் படுத்துப் பாருங்கள்

பல வருஷம் வார்டில் ஓடியாடிய நர்ஸ் அவள். முதுகு மக்கர் பண்ணவே அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர்களுக்கு ஆன்லைனில் பாடம் எடுத்தாள்.

திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். யாரும் கேமரா போடுவதில்லை. "புரியுதா?" என்று கேட்டால் கிணற்றில் போட்ட கல்தான். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து நோயாளியோடு மல்லுக்கட்டுகிறவர்களைக் குறைசொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் படுக்கைப்புண் பாடத்தை அப்படி விட முடியாது. இங்கே காதில் வாங்காவிட்டால் அங்கே ஓர் உடம்பு அழுகும்.

திரையில் பாடப் படங்கள் காட்டுவதை நிறுத்தினாள். "இன்னைக்கு எதையும் எழுத வேண்டாம். எல்லாரும் மல்லாந்து படுங்க. நான் சொல்ற வரைக்கும் கை, கால அசைக்கக் கூடாது. மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது."

"நெஜமாவா சிஸ்டர்?" என்றாள் புருஷனைப் பார்த்துக்கொள்ளும் தையல்காரம்மா.

"நெஜமாத்தான்."

கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ குறட்டை கேட்டது. "அவர் பாஸாயிட்டாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.  நர்ஸ் வேண்டுமென்றே நேரத்தை நீட்டினாள்.

"சரி, எங்க வலிக்குது?"

குதிகால், இடுப்பு, பின்மண்டை என்று பதில்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. கடைசியில், அதுவரை வாயே திறக்காத லாரி டிரைவர் பேசினார்.

"சிஸ்டர், எங்கம்மா காலையிலேருந்து இப்படித்தான் கிடக்கறாங்க. வலிக்குதுன்னு சொல்ல அவங்களுக்குப் பேச்சும் வராது. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நான்தான் அசைக்காமலே வச்சிருந்தேன்."

"இப்பவே திருப்பிடலாம். கேமராவைப் போடுங்க."

கட்டிலில் அந்த அம்மா சுருங்கி ஒரு பிடியாகக் கிடந்தார். முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து, மகன் நிற்கும் பக்கமாக மெல்லப் புரட்டச் சொன்னாள் நர்ஸ். டிரைவர் புரட்டினார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தையல்காரம்மாவின் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. ஆறிடும்ணே." அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக முகம் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு வகுப்பில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தலையணையை எங்கே கொடுப்பது, ஈரத்துணியை எப்போது மாற்றுவது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். டிரைவர் வகுப்புக்கு வகுப்பு புண்ணைக் காட்டினார். அது சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு வாரம் அவரைக் காணவில்லை. திரும்பி வந்தபோது, "அம்மா போயிட்டாங்க" என்றார்.

 "கஷ்டப்பட்டாங்களாண்ணே?" என்று தையல்காரம்மாதான் கேட்டாள்.

"இல்லம்மா, தூக்கத்துலயே போயிட்டாங்க. குளிப்பாட்டறப்ப பின்பக்கம் பார்த்தேன். புண்ணு மூடியிருந்துச்சு."

 "நீங்க இனிமே வகுப்புக்கு வரணும்னு கட்டாயமில்லைங்க" என்றாள் நர்ஸ்.

"தெரியும் சிஸ்டர். வீட்டுல தனியா உக்கார முடியல. ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

அவள் தண்ணீர் புகட்டுகிற பாடத்தைத் தொடங்கினாள். தையல்காரம்மா ஸ்பூனைப் புருஷன் வாயருகே கொண்டுபோனாள். அவர் இருமினார்.

"அவரு தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா," என்றார் டிரைவர். "அவசரமில்ல. விழுங்கட்டும்."